நனைக்கக் கூடாத தண்ணீர்

எங்கள் வகுப்பில் குழந்தைகள் சுதந்திரமாக விளையாடும் நேரம் காலை பத்து மணி முதல் பத்து முப்பத்திரண்டு வரை. பத்து முப்பத்திமூன்றுக்கு யாராவது விளையாடினால் அது ஒழுங்கீனம். விசில் என்னிடம்தான் இருக்கிறது. அதை ஊதுவதற்கு ஒரு முழு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். அதற்கான சான்றிதழை வீட்டில் எங்கேயோ வைத்திருக்கிறேன்.

நான் பத்தொன்பது வருஷமாக நாலு வயசுப் பிள்ளைகளுக்கு டீச்சர். 'விளையாட்டுவழிக் கற்றல்' திட்டம் வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் ஒரு மணல் குவியல் கிடந்தது. எந்தக் கட்டடத்துக்கோ கொட்டி மிஞ்சியது. பிள்ளைகள் அதில் குழி தோண்டுவார்கள், சண்டை போடுவார்கள், மண்ணோடு வந்து என் மடியில் உட்காருவார்கள். அதைக் கற்றல் என்று யாரும் சொல்லாததால் யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை. திட்டம் வந்ததும் முதல் காரியமாக மணலை அள்ளிவிட்டு, அங்கே சிமெண்ட் போட்டு, 'சுதந்திர விளையாட்டுத் தளம்' என்று பலகை நட்டார்கள். வெயிலில் தளம் கொதிக்கும், யாரும் கால் வைக்க முடியாது. பலகை மட்டும் நன்றாக இருக்கிறது.

வகுப்பறையின் நாலு மூலைக்கும் நாலு பெயர் வைத்தார்கள். கட்டும் மூலை, கற்பனை மூலை, வண்ண மூலை, இயற்கை மூலை. மூலைக்கு ஆறு பேர், எட்டு நிமிஷத்துக்கு ஒரு விசில், அடுத்த மூலைக்கு நகர வேண்டும். என் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். மிச்சம் மூணு பேரை என்ன செய்வது என்று விளையாட்டு அதிகாரியிடம் கேட்டேன். அப்படி ஒரு பதவி இருப்பது எனக்கும் அப்போதுதான் தெரியும்.

"நடுவுல உக்கார வைங்க டீச்சர். அதுக்குப் பேரு பார்த்து மகிழும் விளையாட்டு."

"எந்த மூணு பேர உக்கார வைக்கறது?"

"நீங்க முடிவு பண்ணக் கூடாது. குழந்தைதான் முடிவு பண்ணணும். எந்த மூலை வேணும்னு அதுவே வாயத் திறந்து கேக்கட்டும். கேக்காத குழந்தை நடுவுல உக்கார ஆசைப்படுதுன்னு அர்த்தம்."

பொம்மைகள் எல்லாம் பெரிய டீச்சர் அறையில் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு பொம்மைக்கும் எண் ஒட்டியிருந்தது. உடைந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஒரு மரக்குதிரையின் வால் போனதற்கு அந்த அம்மாள் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றோடு பீரோவைப் பூட்டிவிட்டார். நான் போய் முறையிட்டபோது அதிகாரி சிரித்தார்.

"விளையாட்டுங்கறது பொருள்ல இல்ல டீச்சர், மனசுல இருக்கு. பொருள் பீரோவுல பத்திரமா இருக்கட்டும்."

எல்லாவற்றையும் விட என் உயிரை வாங்கியது வாரத் திட்டம். அதில் ஒரு கட்டம்: 'இந்த வாரம் குழந்தைகள் செய்யப்போகும் எதிர்பாராத கண்டுபிடிப்பு.' முந்தின வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். முதல் தடவை 'இப்போதே எப்படித் தெரியும்' என்று எழுதினேன். 'எதிர்பாராததைத் திட்டமிடத் தெரியாதவர் ஆசிரியர் பணிக்குத் தகுதியானவரா?' என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. அதற்கப்புறம் நானும் புத்திசாலியாகிவிட்டேன். 'செவ்வாய், 10.14: வட்டமானது உருளும் என்று கண்டுபிடித்து வியப்பார்கள்' என்று எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமை பத்து பதினாலுக்கு ஒரு மூடியை உருட்டிவிட்டு, "எல்லாரும் ஆ சொல்லுங்க" என்றேன். பிள்ளைகள் நல்லவர்கள். ஆ சொன்னார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். நானும் ஆயாவும் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அமுக்குணியின் கதைதான் சிரிக்க விடவில்லை.

அமுக்குணி என்று பெயர் வைத்தது ஆயா. நாலரை வயசு, நெற்றியை மறைக்கும் முடி, எல்லாவற்றையும் பார்க்கிற கண். வந்து சேர்ந்து ஏழு மாசமாகியும் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் புடவையைப் பிடித்து இழுப்பாள். வாய் திறந்து கேட்காததால் எந்த மூலைக்கும் போனதில்லை. தினமும் முப்பத்திரண்டு நிமிஷம் நடுவில் உட்கார்ந்து பார்த்து மகிழ்ந்தாள்.

திட்டத்தில் ஒரு விதி இருந்தது. 'ஆண்டு முடிவதற்குள், விளையாட்டு நேரத்தில், விளையாட்டு மூலையில், அதிகாரி முன்னிலையில், மூன்று சொற்களுக்குக் குறையாத ஒரு வாக்கியம் பேசாத குழந்தை சிறப்பு மையத்துக்கு மாற்றப்படும்.' சிறப்பு மையம் ஊரின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. காலை ஒன்பதரைக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள்.

அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. நின்றுகொண்டே கேட்டாள்.

"வீட்டுல இவ வாய மூடமாட்டா டீச்சர். சத்தியமா. தூங்கறப்பகூட பேசுவா."

"தெரியும்மா. ஆனா இங்க பேசணுமே."

"பன்னெண்டு மணிக்கு அங்க போய் யாரு டீச்சர் கூட்டிட்டு வர்றது? பாதில கிளம்பினா நாளைக்கு வராதேம்பாரு முதலாளி. ரூமுக்குள்ள வச்சு வெளிய பூட்டிட்டுத்தான் நான் போகணும்." தழும்புக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "போன வருஷம் அப்படித்தான் பூட்டிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து திறந்தா கதவுகிட்டயே உக்காந்திருப்பா. அப்புறந்தான் வெளியாளுங்ககிட்ட பேசறதையே விட்டுட்டா."

"நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆண்டு முடிய நாற்பது நாள் இருந்தது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் கை கழுவப் போவதற்குச் சற்று முன்னால், ஆயா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சத்தம் போடாம வா டீச்சர். வந்து பாரு."

கை கழுவும் குழாயடியில் அமுக்குணி தனியாக நின்றாள். கைக்குட்டையை நனைத்து, தேய்ந்த சோப்புத் துண்டால் தேய்த்து, கல்லில் குத்திக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டும் இருந்தாள். "இது வெள்ளை, இதத் தனியா போடு. இது ரத்தக் கறை, சுடுதண்ணில போடாத. எத்தன தடவ சொல்றது ஒனக்கு?" முதலாளியும் அவளே, வேலைக்காரியும் அவளே. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அம்மாவோடு சலவைக்கூடத்துக்கு வர விடுவார்களாம், அங்கே பார்த்தது. நானும் ஆயாவும் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றோம். பத்து நிமிஷம் பேசினாள். மற்ற பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு கைக்குட்டையைப் பிழிந்தாள். ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அமுக்குணிக் கழுதை, எவ்வளவு பேச்சு பேசுது பாரேன்" என்றாள். அவளைத் திட்டுவதற்கு ஆயாவிடம் அதைவிட அன்பான வார்த்தை கிடையாது.

ஆனால் அது விளையாட்டு நேரமும் இல்லை, விளையாட்டு மூலையும் இல்லை. அதிகாரியும் அங்கே இல்லை. அதனால் விதிப்படி அவள் பேசவில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: இயற்கை மூலையில் ஒரு வாளித் தண்ணீர். விண்ணப்பம் எழுதினேன். பதில் வரவில்லை. பதினோரு நாள் பொறுத்துவிட்டு, அரை நாள் லீவு போட்டு அதிகாரியின் அலுவலகத்துக்கே போனேன். சுவரெல்லாம் சிரிக்கிற குழந்தைகளின் படங்கள். 'தரையில் உட்காராதீர்கள்', 'அமைதி காக்கவும்' என்று இரண்டு அறிவிப்புகள். அதிகாரி என் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"உங்க ஆர்வத்த நான் மதிக்கறேன் டீச்சர். ஆனா தண்ணி ஒரு பொம்மையா இல்லையாங்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. பொம்மைன்னா எண் ஒட்டணும். தண்ணில எண் ஒட்டாது, ஒட்டிப் பாத்தாச்சு."

"ஒட்டிப் பாத்தீங்களா?"

"வாளில ஒட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அப்போ வாளிக்குத்தான் அனுமதி கிடைக்கும், தண்ணிக்குக் கிடைக்காது. இல்ல, தண்ணி தீந்துபோற பொருள்னு வச்சுக்குவோம். தீந்துபோற பொருள் விளையாட்டு மூலைல இருக்கக் கூடாது. இதுக்குன்னே ஒரு குழு போட்டிருக்கோம். மூணு தடவை கூடிட்டாங்க."

"ஐயா, ஒரு குழந்தையோட வாழ்க்கை இது. தண்ணியக் கண்டா அது பேசுது. இருபத்திரண்டு நாள்தான் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ராத்திரி பகலா எத நெனச்சு உழைக்கறேன்னு நெனக்கறீங்க? குழந்தையத்தான். இந்தப் பதவிக்கு வந்த ஆறு வருஷத்துல ஒரு குழந்தையக்கூட நேர்ல பாக்க நேரம் கிடைக்கல எனக்கு. அவ்வளவு வேலை, எல்லாம் அதுங்களுக்காக."

கும்பிட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

அனுமதி வந்தது. ஆண்டு முடிய எட்டு நாள் இருக்கும்போது, முத்திரை வைத்த ஒரு பெட்டியில் வந்தது. ஆயாவும் நானும் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொண்டு பிரித்தோம். உள்ளே நாலு அடி நீளத்துக்கு நீலத் துணி. 'நீர் அனுபவத் துணி' என்று எண்ணோடு ஒட்டியிருந்தது. கீழே சிவப்பு எழுத்தில்: 'நனைக்கக் கூடாது.'

ஆயா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "சன்னலுக்குத் திரை தைக்கலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி பார்வையிட வந்தது கடைசி நாள். ஒன்பதரைக்கே பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, வாயில் விரல் வைக்கச் சொல்லிவிட்டார் பெரிய டீச்சர். அதிகாரி பத்து மணிக்குப் பேச ஆரம்பித்தார். தலைப்பு, 'குழந்தையைப் பேச விடுங்கள்'.

"ஒரு நிமிஷம்கூட குழந்தைங்கள சும்மா உக்கார வைக்காதீங்க! அது கொடுமை!" என்று மேஜையைத் தட்டினார். இருபத்தேழு பிள்ளைகள் விரலை வாயிலிருந்து எடுக்காமல் பார்த்தார்கள். "ஓடட்டும்! ஆடட்டும்! கேள்வி கேக்கட்டும்!" முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து ஒண்ணுக்கு என்று விரல் காட்டினான். பெரிய டீச்சர் கண்ணாலேயே அவனை உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் தரையில் ஒரு கோடு ஓடியது. அன்றைக்கு அந்த அறைக்குள் வந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

பேச்சு பத்து இருபத்தைந்துக்கு முடிந்தது. விளையாட மிச்சம் ஏழு நிமிஷம். நான் விசிலை ஊதினேன். அமுக்குணி கேட்க மாட்டாள் என்று தெரிந்ததால், விதியை மீறி நானே அவளைத் தூக்கிக்கொண்டு போய் இயற்கை மூலையில் நீலத் துணிக்கு முன்னால் விட்டேன். அதிகாரி குறிப்பேட்டோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அவள் துணியைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அப்புறம் அதன் இரண்டு முனையையும் ஒரே மாதிரி பிடித்து, உதறி, பாதியாக மடித்து, மறுபடி மடித்து, சுருக்கத்தைக் கையால் நீவி, எட்டு மடிப்பாக மடித்து, சுவரோரமாக வைத்தாள். அவளுடைய அம்மா ஒரு நாளைக்கு நானூறு போர்வையை அப்படித்தான் மடிக்கிறாள். அடுத்த துணி எங்கே என்று கேட்கிற மாதிரி நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள். இதைவிட விளையாட்டு உலகத்தில் என்ன இருக்கிறது?

அதிகாரி எழுதினார். எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'விளையாட்டுப் பொருளை ஒதுக்கி வைத்தாள். விளையாட மறுக்கிறாள்.'

"ஐயா, ரெண்டே நிமிஷம். குழாயடிக்கு வாங்க. உங்க காதாலயே கேளுங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"குழாய் சுகாதாரப் பிரிவு டீச்சர். நான் அங்க வந்து பார்வையிட்டா அவங்க வருத்தப்படுவாங்க."

பத்து முப்பத்திரண்டு. விசில் ஊத வேண்டியவள் நான்தான். ஊதவில்லை. பெரிய டீச்சர் வந்து என் கழுத்திலிருந்து விசிலை எடுத்து ஊதினார்.

ஆனாலும் ஒரு வழி மிச்சம் இருந்தது. திட்டம் குழந்தையை மையமாகக் கொண்டது அல்லவா? அதனால் மாற்றுவதற்கு முன்னால் குழந்தையின் கருத்தைக் கேட்டாக வேண்டும். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. 'போகமாட்டேன்' என்று குழந்தை சொன்னால் மாற்ற முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் மூன்றரைக்குப் பெரிய டீச்சர் அறையில் கேட்பதாக ஏற்பாடு. வேலையில் அனுமதி கேட்டு அம்மா வந்திருந்தாள். பேசக் கூடாது என்று சொல்லி அவளைச் சன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். மேஜைமேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார்கள். அமுக்குணியை உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள், கால் தரைக்கு எட்டவில்லை.

அதிகாரி பதிவை ஆரம்பித்துவிட்டு, படிவத்தில் இருந்ததைப் படித்தார். "அன்புக் குழந்தையே, உன்னைச் சிறப்பு மையத்துக்கு மாற்றுவதில் உனக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா? முப்பது விநாடிக்குள் மூன்று சொற்களுக்குக் குறையாமல் தெரிவிக்கவும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையில் முட்டி போட்டேன். கௌரவம், வயசு எல்லாம் எங்கே போயிற்றோ. "சொல்லு கண்ணு. நான் இங்கயே இருக்கேன்னு சொல்லு. டீச்சருக்காக சொல்லுடா தங்கம். ஒரே ஒரு தடவ." சன்னலுக்கு வெளியே அவளுடைய அம்மா சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அமுக்குணியின் உதடு பிரிந்தது, நான் பார்த்தேன். அப்போது கருவியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. அவள் அதையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முப்பது விநாடி முடிந்தது. அதிகாரி கட்டத்தில் எழுதினார்: 'குழந்தை ஆட்சேபணை தெரிவிக்கவில்லை.' முத்திரை குத்தினார். சாட்சிக் கையெழுத்து வகுப்பு டீச்சருடையது. போட்டேன்.

வாசல் வரைக்கும் கூடப் போனேன். அம்மா அழவில்லை. குனிந்து பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். "பரவாயில்ல டீச்சர், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். திங்கட்கிழமைக்குள் பூட்டு வாங்க வேண்டும், பழசு துருப்பிடித்துவிட்டது என்றும் சொன்னாள்.

வாசற்படி இறங்கிய அமுக்குணி திரும்பி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், நாளைக்கு நிறைய துணி இருக்கு, சீக்கிரமா வந்துரு."

நல்ல தெளிவான குரல். முதலாளி வேலைக்காரியிடம் சொல்கிற தோரணை. பழக்க தோஷத்தில் விரல் விட்டு எண்ணினேன். ஏழு சொற்கள், மூன்றே போதும்.

"இங்கயே நில்லும்மா! போயிடாத! இப்ப வரேன்!" என்று அம்மாவிடம் கத்திவிட்டுப் படியேறி ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுகொண்டது. அதிகாரி கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "பேசிட்டா ஐயா! ஏழு வார்த்தை! வாசல்ல நிக்கறா, வந்து கேளுங்க!"

அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம் டீச்சர்! முத்திரை குத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சு பாருங்க, அதனால இது சிறப்பு மையத்தோட சாதனைல சேரும். குழந்தை அங்க போறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிடுச்சு. எவ்வளவு நல்ல மையம் பாருங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, உண்மையான கண்ணீர்.

நான் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தேன். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். நான் ஓடியதைப் பார்த்து அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது. அதை அவளுக்குக் கொடுத்ததும் நான்தான்.

"என்ன டீச்சர், என்ன சொன்னாங்க?"

அமுக்குணி அதற்குள் பேசிக்கொண்டே போனாள். அந்த ஆளோட சட்டைல மை கறை இருக்கு, நாளைக்கு அத முதல்ல போடணும், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கணும், நீ மறந்துடாத டீச்சர், நான் சோப்பு எடுத்துட்டு வரேன், ஆயாவையும் வரச் சொல்லு. இத்தனை மாசத்துப் பேச்சு அத்தனையும் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தைகூட வரவில்லை.